கிளார்க் ராக்ஃபெல்லர்: பணக்கார வீடுகள் அவனிடம் ஏன் ஒரு சீட்டுகூடக் கேட்கவில்லை?

கோப்புக்கட்டு:

ஆள்மாறாட்டப் பேச்சு எடுத்தாலே இவன் பெயர் வந்துவிடுகிறது. கூடவே "என்ன பேச்சு, என்ன தோரணை" என்ற வியப்பும். எனக்கு அந்த வியப்பில் உடன்பாடில்லை. அதனால்தான் இந்த இழை.

முதலில் ஆள் யார் என்பது. கிறிஸ்டியன் கார்ல் கெர்ஹார்ட்ஸ்ரைட்டர். 1961இல் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்து, பெர்கன் என்ற சிற்றூரில் வளர்ந்தவன். அப்பா பெயின்டர், அம்மா தையல் வேலை. 1978இல் 17 வயதில் சுற்றுலா விசாவில் அமெரிக்கா போனான். கனெக்டிகட்டில் ஒரு குடும்பத்து வீட்டில் ஒண்டிக்கொண்டான். 1981இல் விஸ்கான்சினில் ஒரு பெண்ணைக் குடியுரிமைக் காகிதத்துக்காகக் கல்யாணம் செய்துகொண்டு, கையோடு கிளம்பிவிட்டான். கலிஃபோர்னியாவில் 'கிறிஸ்டோபர் சிச்செஸ்டர்', கனெக்டிகட்டின் கிரீன்விச்சில் 'கிறிஸ்டோபர் குரோ', 1990களில் நியூயார்க்கிலும் பிறகு பாஸ்டனிலும் 'கிளார்க் ராக்ஃபெல்லர்' (அமெரிக்காவின் பேர்போன கோடீஸ்வரக் குடும்பத்தின் பெயர்), கடைசியில் பால்டிமோரில் 'சிப் ஸ்மித்'. 2008 ஆகஸ்ட் 2இல் கைது.

முப்பது வருடம். நடுவில் பங்குச்சந்தை வேலை, மேல்தட்டு மன்றங்களில் உறுப்பினர் பதவி, மெக்கின்சி என்ற பெரிய ஆலோசனை நிறுவனத்தில் பங்குதாரராக உயர்ந்த மனைவி. கேள்வி இதுதான்: உள்ளே நுழைய எது உதவியது, எங்கே தடுக்கி விழுந்தான்?

நூலகவாசி:

சான் மரீனோவிலிருந்து தொடங்குவோம். அங்கேதான் முறை முழுசாகத் தெரிகிறது.

லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில், பசடேனாவை ஒட்டிய சின்ன ஊர். பழைய பணம். 1980களின் தொடக்கத்தில் அங்கே வந்தவன் நேராக வங்கிக்கோ வேலைக்கோ போகவில்லை, எபிஸ்கோபல் தேவாலயத்துக்குப் போனான். பிறகு கிரீன்விச்சிலும் அதே, நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூவின் செயின்ட் தாமஸிலும் அதே. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காப்பியோடு நின்று பேசும் அரைமணி நேரம் இருக்கிறதே, அங்கே யாரும் அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். தனியாக வாழும் வசதியான முதிய பெண்கள் இருப்பார்கள். நன்றாக உடுத்திய, பணிவான, தனியாக வந்த இளைஞனை யாராவது ஒருவர் சாப்பிடக் கூப்பிடாமல் விடமாட்டார்கள்.

அடுத்தது அட்டை. குடும்ப முத்திரை அச்சிட்ட விசிட்டிங் கார்டு. தான் 13ஆவது பாரோனெட் (பிரிட்டனில் பரம்பரையாக வரும் ஒரு பட்டம்) என்று அதில் போட்டுக்கொண்டான். தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றியதற்காக 1967இல் 'சர்' பட்டம் வாங்கிய ஃபிரான்சிஸ் சிச்செஸ்டரின் உறவு என்றும் சொன்னான். பெயர்த் தேர்வைக் கவனியுங்கள். படித்தவர்களுக்குக் காதில் விழுந்த பெயர், ஆனால் குடும்பத்தில் யார் யார் என்று ஒருவருக்கும் தெரியாத பெயர்.

மூன்றாவது, லொரெய்ன் ரோடில் ஒரு வயதான அம்மாவின் வீட்டுக்குப் பின்னாலிருந்த விருந்தினர் குடில். வாடகைக்கு இருந்தான் என்று பெயர். ஊருக்குத் தெரிந்ததோ அந்த முகவரி மட்டும்தான். முன்வீடா பின்குடிலா என்று தபாலில் தெரியாது.

இதைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் தெரியுமா? பிரிட்டிஷ் பாரோனெட்டுகளின் பட்டியல் டெப்ரெட் போன்ற தொகுப்புகளில் அச்சாகி, பெரிய நூலகங்களில் கிடைத்த காலம் அது. 'சி' எழுத்தைப் புரட்டினால் பத்து நிமிஷ வேலை. புகழ்பெற்ற ஹன்டிங்டன் நூலகம் அந்த ஊரிலேயேதான் இருக்கிறது.

தெற்குச்சித்திரை:

பத்து நிமிஷ வேலைதான். யார் பண்றது? அதுதானே விஷயம்.

இவன் ஒருத்தர்கிட்டயும் "நான் பாரோனெட், நம்புங்க"ன்னு நேரா நிக்கல. அ வீட்டு விருந்துல ஆ-வைப் பார்த்தான். ஆ அவனை இ-கிட்ட அறிமுகப்படுத்துறப்போ "இவர் சிச்செஸ்டர்"னு சொல்றது ஆ. இப்போ இ சந்தேகப்பட்டா அது ஆ-வைச் சந்தேகப்பட்ட மாதிரி. ஜாமீன் போட்டவரைப் பார்த்து ஜாமீன் போட்டவரைப் பார்த்து ஜாமீன், முதல் ஆளு மட்டும் எதையும் பார்க்கவே இல்ல. ஊர்ல சீட்டு கம்பெனி ஓடுறதும் இப்படித்தான் ("அவரே போட்டிருக்காரு, அப்புறம் என்ன").

அதனால வாய்ஜாலத்துக்குப் பாதி மார்க்குக்கு மேல குடுக்காதீங்க. அவனோட மேட்டுக்குடி உச்சரிப்பே பழைய டிவி நகைச்சுவைத் தொடர்ல வர்ற ஒரு கோடீஸ்வரன் பாத்திரத்தைப் பார்த்துப் பழகினதுன்னு கூட இருந்தவங்க சொல்லியிருக்காங்க. நிஜப் பணக்காரங்களுக்கு அது கொஞ்சம் ஓவராத்தான் கேட்டிருக்கும். கேட்டும் விட்டுட்டாங்க. விசித்திரமான ஆளுன்னு ஒரு முத்திரை விழுந்துட்டா அதுக்கப்புறம் எந்த ஓட்டையும் "அவர் அப்படித்தான்"ல அடைஞ்சுடும்.

சும்மாஒருத்தன்:

நியூயார்க்ல பணக்கார வாரிசுன்னு ஏமாத்தின அன்னா சொரோகின் கேஸும் இதே தானே? 2019ல தண்டனை ஆச்சே.

தெற்குச்சித்திரை:

அது ஹோட்டல் பில், வங்கிக் கடன். வீட்டுக்குள்ள நுழையுற கதை வேற. ஹோட்டல்காரன் கடைசியில பணம் கேட்பான். விருந்துக்குக் கூப்பிட்டவன் கேட்க மாட்டான்.

வரவுசெலவு:

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். அவன் சறுக்கிய இடங்களை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

ஒன்று. 1980களின் நடுவில் கிரீன்விச்சில் ஒரு பங்கு நிறுவனத்தில் கணினி வேலை. சேரும்போது கொடுத்த சமூகப் பாதுகாப்பு எண்ணை (அமெரிக்காவில் ஆளுக்கு ஒன்றாக அரசு தரும் எண்) சோதித்தபோது அது நியூயார்க்கின் பேர்போன தொடர் கொலைகாரன் டேவிட் பெர்கோவிட்ஸின் எண் என்று தெரிந்ததாக அங்கே வேலை பார்த்தவர்கள் பின்னால் சொன்னார்கள். வேலை போயிற்று. ஆனால் அடுத்து ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் நியூயார்க் கிளையில் கடன்பத்திரப் பிரிவுக்குத் தலைவராகவே அமர்ந்தான்! முந்தைய இடத்தில் ஏன் போனான் என்பது அடுத்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. கௌரவமான நிறுவனங்கள் ஏமாந்ததை வெளியே சொல்லாது. அடுத்த வேலைக்கு அந்த மௌனமே நற்சான்றிதழ் ஆகிவிடுகிறது.

இரண்டு. 1988இல் ஒரு நிசான் சரக்கு வண்டியை கனெக்டிகட்டில் விற்கப் பார்த்தான். உரிமைப் பத்திரம் கையில் இல்லை. வாங்க நினைத்தவர் வண்டியின் பதிவைத் தேடப் போனார். அந்த வண்டி கலிஃபோர்னியாவில் 1985இலிருந்து காணாமல் போன ஒரு தம்பதியுடையது என்று அங்கே குறிப்பு. போலீஸ் விசாரிக்க வந்ததும் 'குரோ' மாயம்.

மூன்று. விவாகரத்து. கீழே தனியாக எழுதுகிறேன்.

நான்கு. கைரேகை. பாஸ்டனில் ஒரு நண்பர் வீட்டு ஒயின் கோப்பையிலிருந்து எடுத்த ரேகை, பல வருடங்களுக்கு முன் அவனே கொடுத்த குடியேற்ற ஆவணத்தோடு பொருந்தியது.

வாயில் வந்த பொய்யில் ஒரு தடவைகூட அவன் மாட்டவில்லை. மாட்டியதெல்லாம் எண், பதிவு, ரேகை. இன்னொரு அலுவலகத்தின் அலமாரியில் வேறு யாரோ வைத்திருக்கும் காகிதம்.

கல்யாணமுருங்கை:

மனைவியைப் பற்றி இங்கே யாரும் இன்னும் கிண்டல் செய்யவில்லை, நல்லது. மற்ற இடங்களில் "ஸ்டான்ஃபோர்ட், ஹார்வர்ட் படித்தவளுக்கு இது தெரியலையா" என்றுதான் முதல் வரியே வரும்.

2009இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் அவர் சொன்ன சாட்சியத்தில் இருக்கும் பொய்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் வெறும் ஜம்பம் போலத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கதவை அடைக்கிறது.

பெற்றோர் கார் விபத்தில் இறந்துவிட்டார்கள் என்றான். மாமனார் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டிய பேச்சே இல்லை. குழந்தையில் பல வருடம் பேச்சு வராமல் இருந்தேன் என்றான். அதனால் பால்யத் தோழன் என்று ஒருவனும் வரமாட்டான், கேட்பதும் ஈரமில்லாத செயல். 14 வயதில் யேல் பல்கலைக்கழகம் சேர்ந்தேன் என்றான். வகுப்புத் தோழர்கள் எல்லாம் வயதில் பெரியவர்கள், பழக்கமில்லை. சின்ன நாடுகளின் கடனைத் திருத்திக் கொடுக்கிறேன், ஏழை நாடுகளிடம் கூலி வாங்குவதில்லை என்றான். சம்பளச் சீட்டு இல்லாததற்குக் காரணம் ஆயிற்று, மேலே புண்ணியமும் கிடைத்தது. சொத்து? அது அப்பா காலத்துக் கடற்படை வழக்கில் சிக்கிக் கிடக்கிறது.

ஆக ராக்ஃபெல்லர், ஆனால் கையில் காசில்லை, சொந்தமில்லை, பள்ளித் தோழனில்லை, முதலாளியில்லை. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் பரிதாபம். சேர்த்துக் கேட்டால்தான் நாலு பக்கமும் சுவர் வைத்துக் கட்டியது தெரியும். ஆனால் யாருக்கும் ஒரே நாளில் சேர்த்துச் சொல்லப்படவில்லை. வருடக் கணக்கில், ஒவ்வொன்றும் அதற்கான கேள்வி எழும் நாளில் வந்தது.

இதற்கு மேல், வருமானம் முழுக்க அவருடையது, வரவுசெலவைக் கையில் வைத்திருந்தது இவன். 1995இல் நான்டக்கெட் தீவில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் முறையில் கல்யாணம். குவேக்கர் முறையில் நடத்தி வைக்கப் பாதிரியார் கிடையாது. சட்டப்படி பதிவும் இல்லாமல் போனது பின்னால்தான் வெளிப்பட்டது. ஒரு துறையில் கெட்டிக்காரியாக இருக்கும் ஆளே இன்னொன்றில் முழு மக்காக இருக்கலாம் என்ற பொருளில் அவரே கூண்டில் நின்று சொன்னார். அதற்கு மேல் நாம் சேர்க்க ஒன்றுமில்லை.

நூலகவாசி:

// ஒவ்வொன்றும் ஒரு கதவை அடைக்கிறது //

அருமை. ஒன்று சேர்க்கிறேன். இறந்துபோன அம்மா 1940களின் ஒரு குழந்தை நட்சத்திரம் என்று சொல்லியிருந்தான். அந்த நடிகை அப்போது உயிரோடுதான் இருந்தார். தேவைக்கு மேலே ஒரு அலங்காரம் போட்டான், அது வெளியே பதிவுள்ள பெயர். வரவுசெலவு சொன்னதற்கு இதுவும் பொருந்தும்.

அவன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த, ரோத்கோ, மாதர்வெல் போன்ற பேர்பெற்ற அமெரிக்க ஓவியர்களின் ஓவியங்கள் எல்லாம் போலி. அவற்றின் வேலை விற்பனைக்கு அல்ல, வந்தவர்கள் பார்ப்பதற்கு. ஓவியத்தின் வம்சாவளி என்று ஒன்று உண்டு: யார் வரைந்து யாரிடம் விற்று எந்தக் கண்காட்சியில் தொங்கி இங்கே வந்தது என்ற காகித வரிசை. விற்க வரும்போதுதான் அதைக் கேட்பார்கள். விருந்துக்கு வந்தவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பாரா? அவன் விற்கவே இல்லை.

வரவுசெலவு:

விவாகரத்து என்றேனே.

2007 வாக்கில் மனைவி தரப்பு தனியார் துப்பறிவாளரை அமர்த்தியது. கிளார்க் ராக்ஃபெல்லர் என்று ஒரு ஆள் பிறந்ததற்கோ படித்ததற்கோ ஒரு தடயமும் கிடைக்கவில்லை. யார் என்று மட்டும் அவராலும் சொல்ல முடியவில்லை. நீதிமன்றத்தில் மகளின் பொறுப்புக்காக வாதாட வேண்டுமானால் அவன் தன் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும். ஒதுங்கினான். 8 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, மகளை ஆண்டுக்கு மூன்றே முறை, அதுவும் ஒரு சமூகப் பணியாளர் கண்காணிப்பில் பார்க்கச் சம்மதித்தான். அவ்வளவு ஆசையாக வளர்த்த மகளை ஒரு பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் விட்டுக்கொடுத்தான்.

2008 ஜூலை 27, அந்த முதல் சந்திப்பிலேயே பாஸ்டன் தெருவில் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடினான். தடுக்கப் போன சமூகப் பணியாளர் வண்டியோடு இழுபட்டார். அமர்த்தியிருந்த காரின் ஓட்டுநரிடம் சொன்ன பொய்: ஒட்டிக்கொண்டே திரியும் ஒரு நண்பரைக் கழற்றிவிட வேண்டும்.

கோப்புக்கட்டு:

வரவுசெலவின் 'எண்ணில்தான் மாட்டினான்' கணக்குக்கு எதிராக ஒரு வழக்கை வைக்கிறேன். காசி சாட்விக், ஓஹையோ, 1902 முதல் 1904 வரை. இந்த அம்மாள் எண்ணை வைத்தேதான் ஏமாற்றினாள்.

கனடாவில் எலிசபெத் பிக்லி என்ற பெயரில் 1857இல் பிறந்தவள். கிளீவ்லாந்தின் யூக்ளிட் அவென்யூவில், ஒரு டாக்டரின் மனைவி. கோடீஸ்வரர்கள் குடியிருந்த தெரு. நியூயார்க் போனபோது கணவருக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரை 'தற்செயலாக'ச் சந்தித்து, ஒரு வீடு வரை வண்டியில் கூட வரச் சொன்னாள். வீடு எஃகுத் தொழிலில் கோடீஸ்வரரான ஆண்ட்ரூ கார்னகியுடையது. அவர் வண்டியிலேயே காத்திருக்க, இவள் மட்டும் உள்ளே போனாள். ஏறக்குறைய அரைமணி கழித்து வெளியே வந்தாள். உள்ளே அவள் பேசியது வீட்டு நிர்வாகியிடம், அதுவும் ஒரு வேலைக்காரிக்கு நற்சான்று விசாரிப்பதாக! கார்னகியை அவள் பார்க்கவே இல்லை.

வண்டியில் ஏறும்போது ஒரு காகிதம் நழுவி விழுந்தது. வழக்கறிஞர் எடுத்துப் பார்த்தார்: கார்னகி கையெழுத்திட்ட 20 லட்சம் டாலர் கடன் உறுதிச்சீட்டு. அப்போதுதான் 'தயக்கத்தோடு' ஒப்புக்கொண்டாள், தான் அவருடைய முறைகேடான மகள் என்று. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சத்தியமும் வாங்கினாள். ஊர் முழுக்கப் பரவ வேண்டுமானால் வழக்கறிஞரிடம் ரகசியம் சொன்னால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள், கணக்கு சரியாகவே இருந்தது.

அடுத்த படி இன்னும் நேர்த்தி. ஒரு மூட்டையை ஒட்டி மூடி, 50 லட்சம் டாலர் பத்திரங்கள் என்று கிளீவ்லாந்து வங்கி ஒன்றில் ஒப்படைத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலையும் அவளே எழுதிக் கொடுத்தாள். வங்கி அதிகாரி மூட்டையைப் பிரிக்காமலே பட்டியலுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தை வைத்து வேறு வங்கிகளில் கடன். ஓபர்லின் ஊரின் சிட்டிசன்ஸ் நேஷனல் வங்கி மட்டும் 2,40,000 டாலர் கொடுத்தது. அந்த வங்கியின் மூலதனமே 60,000.

ஒருவரும் கார்னகியைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? "ஐயா, உங்களுக்குக் கல்யாணத்துக்கு வெளியே ஒரு மகள் உண்டாமே?" என்றா? பொய்யே வாயைப் பூட்டிவிட்டது. கூடவே வழக்கத்துக்கு மீறிய வட்டி வேறு வங்கிக்காரர்களுக்கு ஆசைகாட்டியது. 1904 நவம்பரில் மாசசூசெட்ஸ்காரர் ஒருவர் 1,90,800 டாலர் கடனைக் கேட்டு வழக்குப் போட்டபின்தான் கார்னகியிடம் விசாரித்தார்கள். முப்பது வருடமாக எந்தக் கடன்சீட்டிலும் கையெழுத்திட்டதே இல்லை என்றார். ஓபர்லின் வங்கி மூடியது. அவளுக்கு 1905இல் சிறைத்தண்டனை, 1907இல் சிறையில் மரணம்.

வரவுசெலவு:

இது எனக்கு எதிரல்ல, எனக்குச் சாதகம். அவள் காட்டிய எண்கள் எல்லாம் அவளே கொண்டுவந்தவை. சீட்டு அவளுடையது, மூட்டை அவளுடையது, பட்டியல் அவள் எழுதியது. வங்கி அதிகாரியின் கையெழுத்து 'இந்தப் பட்டியல் எனக்குக் கொடுக்கப்பட்டது' என்பதற்கு மட்டும்தான் சாட்சி. தணிக்கையில் முதல் பாடமே இதுதான்: வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் வங்கி அறிக்கையை விட, வங்கி நேராக எனக்கு அனுப்பும் உறுதிக் கடிதம் மேல். காகிதம் யார் கை வழியாக வந்தது என்று பாருங்கள். ஏமாற்றுகிறவன் கை நடுவில் இருந்தால் அது காகிதமே இல்லை.

தெற்குச்சித்திரை:

அப்போ டேவிட் ஹாம்ப்டன்? 1983, நியூயார்க். "நான் நடிகர் சிட்னி பாய்ட்டியேவோட மகன், உங்க பிள்ளையோட படிக்கிறேன், என் காசெல்லாம் திருடு போச்சு." இவ்வளவுதான் மூலதனம். ஒரு காலேஜ் மாணவனோட முகவரிப் புத்தகம் கையில இருந்துச்சு, அதுல இருந்த பெற்றோர் வீடுகளுக்கு ஒண்ணொண்ணா போனான். கொலம்பியா பல்கலைக்கழக இதழியல் பள்ளித் தலைவர் வீட்டுலயே தங்கினான். பத்திரிகைக்காரங்களுக்கே பாடம் எடுக்கிற வீடு!

பாய்ட்டியேவுக்கு ஆறு பிள்ளைங்க, ஆறும் பொண்ணு. அதையும் ஒருத்தரும் பார்க்கல. ஆனா அவன் மாட்டினது அந்த எண்ணுல இல்ல. காலையில வீட்டம்மா கதவைத் திறந்தா, அவன் பக்கத்துல அவங்களுக்குத் தெரியாத இன்னொரு ஆளு படுத்திருக்கான். மரியாதை கெட்டதும் சந்தேகம் வந்துச்சு, சந்தேகம் வந்தப்புறம்தான் விசாரணை. கோர்ட்டு 4,490 டாலர் திருப்பிக் குடுக்கச் சொன்னது, ஊருக்குள்ள தலைகாட்டாதேன்னது. கேட்கல, ஜெயிலுக்குப் போனான்.

அதனால நான் சொல்றது: எண்ணு தப்பிச்சுட்டா என்ன, எண்ணைப் பார்க்க வைக்கிறது நடத்தைதான். நல்லா நடந்துக்கிட்டே இருந்திருந்தா இன்னும் ஒரு மாசம் சாப்பிட்டிருப்பான்.

கல்யாணமுருங்கை:

முகவரிப் புத்தகம் முக்கியம். அவனுக்குத் தெரிந்திருந்தது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பிள்ளையின் பெயர், எந்த விடுதி, யார் அறைத்தோழன். வெளியாள் ஒருவனுக்கு இது தெரிந்திருக்கிறது என்றதும் மனது உள்ளாள் என்று முடிவு கட்டிவிடும். பிள்ளைக்கு ஒரு போன் போட்டு "இவனைத் தெரியுமா?" என்று கேட்டிருந்தால் முடிந்தது. ராத்திரி நேரம், எழுப்ப வேண்டாம், காலையில் பார்த்துக்கலாம். இந்தக் 'காலையில் பார்த்துக்கலாம்'தான் அவன் தங்கிய ஒவ்வொரு இரவும்.

வரவுசெலவு:

தெற்குச்சித்திரை சொல்வதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். நடத்தை கெட்டதால் எண்ணைப் பார்த்ததற்கு இன்னும் சுத்தமான உதாரணம் ஆர்ச்சிபால்ட் ஹால்.

1924இல் கிளாஸ்கோவில் பிறந்தவன். 'ராய் ஃபான்டெய்ன்' என்ற பெயரில் பணக்கார வீடுகளில் பட்லராகச் சேர்வான். சிறையில் இருந்தபோதே பழம்பொருள், நகை மதிப்பு எல்லாம் படித்து, பேச்சு உச்சரிப்பையும் மாற்றிக்கொண்டவன். போலி நற்சான்றுக் கடிதங்கள். 1977இல் லண்டனில் 82 வயதான முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் வால்டர் ஸ்காட்-எலியட் வீட்டில் பட்லர். அவரையும் மனைவியையும் கூட்டாளியோடு சேர்ந்து கொன்றான். மொத்தம் ஐந்து கொலை.

1978 ஜனவரி, ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக். விடுதிக்காரருக்கு இவர்கள் பில் கட்டுவார்களா என்று லேசான நெருடல். போலீஸுக்குச் சொன்னார். வண்டியின் எண் வேறு வண்டியுடையது என்று தெரிந்தது. டிக்கியில் பிணம். பில் கவலையில் தொடங்கி எண் பலகையில் முடிந்தது.

நற்சான்றுக் கடிதத்தைச் சோதிக்கும் முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்குப் பேசவே கூடாது, எடுப்பது அவன் கூட்டாளியாக இருக்கலாம். முன்னாள் முதலாளியின் எண்ணை நீங்களே வேறு வழியில் கண்டுபிடியுங்கள். "நல்லவரா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, சம்பளம் எவ்வளவு, சாவி யார் கையில் இருந்தது, ஏன் போனார், திரும்ப வைத்துக்கொள்வீர்களா. கடைசிக் கேள்விக்கு இரண்டு விநாடி தாமதம் வந்தால் அதுவே பதில். தேதிகளில் இடைவெளி இருந்தால் அந்த இடைவெளியைப் பற்றி மட்டும் ஆளிடம் கேளுங்கள். ஹால் மாதிரி ஆட்களுக்கு அந்த இடைவெளி சிறை.

சும்மாஒருத்தன்:

வேலைக்கு வர்றவன்கிட்ட கேட்கலாம் சார். விருந்தாளிகிட்ட எப்படி? மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா?

கல்யாணமுருங்கை:

அவரிடம் கேட்கவே வேண்டாம். பெயரும் இடமும் வருடமும் சேர்ந்த ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வரும்வரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருங்கள். எந்தப் பள்ளி, எந்த வருடம் முடித்தது, அப்போது விடுதிக் காப்பாளர் யார். நிஜமானவர் அலுக்கும் வரை சொல்வார், "அந்த ஆளு ஒரு சிடுமூஞ்சி" என்று தேவையில்லாததும் சேர்த்து. போலி சிரித்துக்கொண்டே பெரிய மனிதர் ஒருவர் பெயருக்குத் தாவுவான். பிறகு அந்த ஒரு வாக்கியத்தை, அவர் அறிமுகப்படுத்தாத ஒருவரிடம் விசாரியுங்கள். வாட்ச்மேன், டிரைவர், சமையல்காரம்மா சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். மேல்மாடியில் பந்தா காட்டுகிறவன் கீழே சில்லறைக் கடன் வாங்கியிருப்பான்.

ஒன்று செய்யக்கூடாது: சந்தேகம் வந்ததும் தனியாக வைத்துக் கேட்பது. ஏன் என்பதை கோப்புக்கட்டு எழுதட்டும், சான் மரீனோ குடிலின் மிச்சம் இன்னும் சொல்லவில்லை.

கோப்புக்கட்டு:

ஆமாம், இந்த இழையில் கொஞ்சம் சிரித்துவிட்டோம்.

1985 பிப்ரவரியில் அந்த வீட்டம்மாவின் மகனும் மருமகளும் காணாமல் போனார்கள். அரசாங்க ரகசிய வேலையாகப் போயிருக்கிறார்கள் என்று சுற்றி வந்த கதை, பாரிஸிலிருந்து வந்த தபால் அட்டைகள். அந்தச் சமயத்தில் தோட்டத்தில் மண் கிளறியிருந்ததைப் பார்த்து விருந்துக்கு வந்தவர் கேட்டபோது, குழாய்ப் பழுது என்றான் 'சிச்செஸ்டர்'. அதே வருடம் ஊரை விட்டுப் போனான். 1994 மே மாதம், வீட்டை வாங்கியவர்கள் நீச்சல்குளத்துக்குத் தோண்டியபோது மகனின் எலும்புக்கூடு கிடைத்தது. தலையைச் சுற்றியிருந்தது இரண்டு பல்கலைக்கழகப் புத்தகக் கடைப் பிளாஸ்டிக் பைகள். ஒன்று தென் கலிஃபோர்னியா, இன்னொன்று விஸ்கான்சின் மில்வாக்கி. இரண்டு வளாகங்களிலும் திரிந்தவன் இந்த 'சிச்செஸ்டர்'. மருமகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

2009இல் கடத்தலுக்கு 4 முதல் 5 வருடம். மனநோய் என்ற வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. 2013 ஏப்ரலில் கொலைக் குற்றம் உறுதியானது, ஆகஸ்டில் 27 வருடம் முதல் ஆயுள் வரை.

1988இல் வண்டியின் உரிமைப் பத்திரத்தைத் தேடிய அந்த ஒருவர்தான் இந்தக் கொலைக்கும் 'குரோ'வுக்கும் முதல் முடிச்சைப் போட்டவர். 1994 வரை அந்த முடிச்சுக்கு உடல் இல்லை.

சும்மாஒருத்தன்:

பால்டிமோர்ல எப்படிப் பிடிச்சாங்க? அதை விட்டுட்டீங்களே.

தெற்குச்சித்திரை:

விவாகரத்துல வாங்கின பணத்துல பெரும்பகுதியைத் தங்க நாணயமா மாத்தி வெச்சிருந்தான். கப்பல் கேப்டன் சிப் ஸ்மித்னு சொல்லி வீடு ஒண்ணு, ஒரு காட்டமரான் படகு. (ஆங்கில வார்த்தையே நம்ம கட்டுமரம்தான்.) டிவியில படம் வந்ததும் வீடு வாங்கிக் குடுத்த தரகர் அடையாளம் சொன்னாங்க. வீட்டுக்குள்ள ஏழு வயசுக் குழந்தை இருக்கு, கதவை உடைச்சுப் போக எஃப்.பி.ஐ.க்கு மனசில்ல. படகுத்துறைக்காரரை விட்டு போன் போட வெச்சாங்க: "உங்க படகுல தண்ணி ஏறுது, உடனே வாங்க."

தனியா வெளிய வந்தான், தெருவுலயே பிடிச்சாங்க. குழந்தை பத்திரம். படகுல ஒரு சொட்டுத் தண்ணி ஏறல.